ஒளி பட்டதும் பெரோவ்ஸ்கைட்டுக்குள் பிறக்கும் மின்னூட்டங்கள் எப்படி உயிர் தப்புகின்றன?

கேள்வி இதுதான். பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலத்தின் படலம் ஒரு கரைசலை ஊற்றிச் சுழற்றி, சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் உலர்த்திச் செய்தது. சிலிக்கானைப் போல அதை யாரும் படிப்படியாகத் தூய்மைப்படுத்துவதில்லை. உள்ளே குறைகள் ஏராளம், சின்னச் சின்னப் படிகத் துகள்களும் அவற்றுக்கு நடுவே எல்லைகளும் நிறைய. அப்படிப்பட்ட பொருளில் ஒளி உண்டாக்கும் எலக்ட்ரானும் அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் வழியிலேயே ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் மின்முனை வரை எப்படிப் போய்ச் சேருகின்றன?

சுருக்கமான பதில்: அவை கடக்க வேண்டிய தூரம் அரை மைக்ரோமீட்டர்தான், அதற்கு ஏறக்குறைய 10 நானோ நொடி போதும். நல்ல படலத்தில் அவற்றின் ஆயுள் ஒரு மைக்ரோ நொடியை எட்டுகிறது. அதாவது தேவைப்படுவதைப் போல நூறு மடங்கு அவகாசம் இருக்கிறது. அந்த நூறு மடங்கு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் விரிவாகப் பார்க்க வேண்டும்.

முதலில் பொருள். 1839-இல் யூரல் மலையில் கிடைத்த கால்சியம் டைட்டனேட் கனிமத்துக்கு, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரைக் கௌரவித்து குஸ்டாவ் ரோஸ் வைத்த பெயர் இது. அதே படிக அமைப்பு கொண்ட எல்லாப் பொருளுக்கும் இப்போது இந்தப் பெயர் பொது. சூரிய மின்கலத்தில் பயன்படுவது வேறு குடும்பம்: நடுவில் ஒரு காரீய அயனி, அதைச் சுற்றி எண்முக வடிவில் ஆறு அயோடைடு அயனிகள். இந்த எண்முகங்கள் மூலைகளில் கைகோத்து மூன்று திசையிலும் வலையாக நீள்கின்றன. வலையின் இடைவெளிகளில் மெத்தில் அம்மோனியம், ஃபார்மமிடினியம் அல்லது சீசியம் அயனி உட்கார்ந்திருக்கும். மெத்தில் அம்மோனியம் வகையை 1978-லேயே டீட்டர் வெபர் தயாரித்துவிட்டார். சூரிய மின்கலத்தில் அதை முதலில் பயன்படுத்தியது ஜப்பானில் மியாசகாவின் குழு. 2009-இல் அவர்கள் பெற்ற திறன், அதாவது ஒளி ஆற்றலில் மின்சாரமாக மாறிய பங்கு, 3.8 சதவீதம். சுற்றியிருந்த திரவ மின்பகுளி பெரோவ்ஸ்கைட்டைக் கரைத்துவிட்டதால் அந்தக் கலம் நீடிக்கவும் இல்லை.

அப்போது எல்லோரும் பெரோவ்ஸ்கைட்டை ஒரு சாயமாகத்தான் நினைத்தார்கள். ஒளியை உறிஞ்சுவது அதன் வேலை, எலக்ட்ரானைச் சுமந்து போவது பக்கத்திலிருக்கும் டைட்டானியம் டைஆக்சைடின் வேலை என்பது கணக்கு. 2012-இல் ஹென்றி ஸ்னெய்த்தின் ஆக்ஸ்ஃபோர்டு குழு டைட்டானியம் டைஆக்சைடை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அலுமினாவை வைத்துப் பார்த்தது. அலுமினா சுத்தமான காப்பான், எலக்ட்ரான் அதற்குள் நுழையவே முடியாது. சாயக் கணக்கு சரியென்றால் கலம் செத்துப்போயிருக்க வேண்டும். ஆனால் 10.9 சதவீதம் திறன் கிடைத்தது. பெரோவ்ஸ்கைட் தானே உறிஞ்சி, தானே சுமந்திருக்கிறது. நீங்கள் கேட்ட கேள்வி உண்மையில் அந்தச் சோதனையில்தான் பிறந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த சோதனையும் அதுதான்: ஒரே ஒரு பொருளை மாற்றியதில் ஒரு கருதுகோள் முழுவதும் விழுந்தது.

சரி, ஒரு ஃபோட்டான், அதாவது ஒளித்துகள், உள்ளே வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

மெத்தில் அம்மோனியம் லெட் அயோடைடின் (லெட் என்றால் காரீயம்) ஆற்றல் இடைவெளி, அதாவது ஓர் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல், சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட். அலைநீளத்தில் சொன்னால் 775 நானோமீட்டர், கண்ணுக்குத் தெரியும் சிவப்பின் விளிம்பு. அதைவிட ஆற்றல் மிகுந்த ஒளியெல்லாம் உறிஞ்சப்படும். உறிஞ்சும் வலிமையும் பெரிது, அரை மைக்ரோமீட்டர் படலமே போதும். சிலிக்கானின் ஆற்றல் இடைவெளி நேரடியானதல்ல (எலக்ட்ரான் எழ ஒளியோடு படிக அதிர்வின் துணையும் வேண்டும்) என்பதால் அதற்கு நூறு மைக்ரோமீட்டருக்கு மேல் தடிமன் வேண்டியிருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்கும் இந்த மெல்லிய தடிமனை நம்பித்தான் நிற்கிறது.

400 நானோமீட்டர் ஊதா ஒளி பட்டால் எலக்ட்ரானுக்கும் துளைக்கும் சேர்த்து 3.1 எலக்ட்ரான் வோல்ட் கிடைக்கும். ஆற்றல் இடைவெளிக்கு வேண்டியது 1.6 மட்டுமே. மீதி 1.5 எலக்ட்ரான் வோல்ட் இயக்க ஆற்றலாக இருக்கும். இதைத்தான் சூடான மின்னூட்டம் என்கிறோம். முதல் 100 ஃபெம்டோ நொடிக்குள் மின்னூட்டங்கள் தங்களுக்குள் மோதி ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு ஒரு வெப்பநிலை உண்டாகிறது, அது படிகத்தின் வெப்பநிலையைவிட மிக அதிகம். பிறகு படிக அதிர்வுகளுக்கு, அதாவது ஃபோனான்களுக்கு, ஆற்றலைக் கொடுத்து ஏறக்குறைய ஒரு பைக்கோ நொடியில் குளிர்ந்துவிடுகின்றன. மிகக் கடுமையான லேசர் துடிப்பு கொடுத்தால் குளிர்தல் பல பத்து பைக்கோ நொடி வரை இழுக்கும். அத்தனை மின்னூட்டங்களும் ஒரே நேரத்தில் கொட்டும் ஆற்றலை ஃபோனான்கள் வேகமாக வெளியேற்ற முடியாமல் திணறுவதே காரணம்.

இந்த மெதுவான குளிர்தலை வைத்து, சூடாக இருக்கும்போதே மின்னூட்டங்களைப் பிடித்து மின்னழுத்தத்தைக் கூட்டலாம் என்று நிறைய எழுதப்பட்டிருக்கிறது. இயற்பியலாக அது உண்மையிலேயே அழகானது. ஆனால் அந்தத் திணறல் தெரிவது கன சென்டிமீட்டருக்கு 10¹⁸ அளவு மின்னூட்டங்கள் இருக்கும்போது. சாதாரண வெயிலில் இருப்பது 10¹⁵ அளவு, ஆயிரம் மடங்கு குறைவு. அதனால் இன்றைய மின்கலத்தைப் புரிந்துகொள்ள, மின்னூட்டங்கள் ஒரு பைக்கோ நொடியில் குளிர்ந்துவிட்டன என்று எடுத்துக்கொண்டு மேலே போகலாம்.

குளிர்ந்த எலக்ட்ரானும் துளையும் தனித்தனியாக இருக்கின்றனவா, ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எக்சிடானாக இருக்கின்றனவா? கரிமச் சூரிய மின்கலங்களில் பெரிய தலைவலி இதுதான். அங்கே அவற்றைப் பிரிக்க சில நூறு மில்லி எலக்ட்ரான் வோல்ட் வேண்டும், அறை வெப்பநிலையால் அவ்வளவு தர முடியாது, அதனால் இரண்டு பொருட்களைக் கலந்து அவற்றின் எல்லையில் வைத்துப் பிரிக்க வேண்டியிருக்கிறது. லெட் அயோடைடு பெரோவ்ஸ்கைட்டில் நிலைமை வேறு. 2015-இல் வலுவான காந்தப்புலத்தில் வைத்து அளந்தபோது, குறைந்த வெப்பநிலையில் பிணைப்பு ஆற்றல் சுமார் 16 மில்லி எலக்ட்ரான் வோல்ட் என்று தெரிந்தது. அறை வெப்பநிலையில் அது இன்னும் குறைகிறது. அறை வெப்பநிலையின் வெப்ப ஆற்றலோ சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட். ஆக, பிணைப்பு உண்டானாலும் வெப்பமே அதைப் பிய்த்துவிடும். வெயிலில் பெரும்பாலும் இருப்பவை சுதந்திர எலக்ட்ரான்களும் சுதந்திரத் துளைகளும்தான்.

இதை எல்லாப் பெரோவ்ஸ்கைட்டுக்கும் நீட்டிவிடக் கூடாது. எண்முக வலையை நீண்ட கரிம மூலக்கூறுகளால் அடுக்கடுக்காகப் பிரித்துச் செய்யும் இருபரிமாண வகைகளில் பிணைப்பு ஆற்றல் நூற்றுக்கணக்கான மில்லி எலக்ட்ரான் வோல்ட் வரை போகும். அங்கே எக்சிடான்தான் ராஜா. ஒளி உமிழும் டையோடுக்கு அது வரம், சூரிய மின்கலத்துக்குத் தடை.

அடுத்தது நகர்வு. பலரும் இங்கே எதிர்பார்ப்பது, பெரோவ்ஸ்கைட்டில் மின்னூட்டங்கள் படுவேகமாக ஓடும் என்பது. அப்படி இல்லை. மின்புலத்துக்கு மின்னூட்டம் எவ்வளவு எளிதாக அசைகிறது என்பதைச் சொல்லும் இயக்க எண், சிலிக்கானில் எலக்ட்ரானுக்கு வோல்ட்-நொடிக்கு சுமார் 1,400 சதுர சென்டிமீட்டர். பெரோவ்ஸ்கைட் படலங்களில் அது சில அலகுகளிலிருந்து சில பத்துகள் வரைதான். ஆனால் மின்னூட்டத்தின் செயல்படு நிறை, அதாவது படிகத்துக்குள் நகரும்போது அது காட்டும் நிறை, சிறியதுதான், எலக்ட்ரான் நிறையில் பத்தில் இரண்டு பங்கு அளவு. நிறை குறைவு என்றால் வேகமாக ஓட வேண்டும் அல்லவா? ஓடவிடாமல் தடுப்பது படிகத்தின் மென்மை.

காரீயம்-அயோடின் வலை மிகவும் நெகிழ்வானது, அதன் அதிர்வுகள் குறைந்த ஆற்றல் கொண்டவை. அறை வெப்பநிலையில் அந்த அதிர்வுகள் எல்லாம் எப்போதும் தட்டியெழுப்பப்பட்டே இருக்கும். அயனிகள் ஆடும்போது உண்டாகும் மின்புலம் மின்னூட்டத்தை விடாமல் சிதறடிக்கிறது. எதிர்ப்பக்கமும் உண்டு: எலக்ட்ரான் ஓரிடத்தில் இருந்தால் சுற்றியுள்ள காரீய அயனிகள் அதை நோக்கிக் கொஞ்சம் சாயும், அயோடைடுகள் விலகும். இந்த உருக்குலைவைத் தன்னோடு இழுத்துக்கொண்டு நகரும் எலக்ட்ரானுக்குப் போலரான் என்று பெயர். இங்கே அது பல அலகுக் கூடுகளுக்குப் பரவிய பெரிய போலரான், ஆகவே ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளாமல் நகரத்தான் செய்கிறது, கொஞ்சம் கனமாக.

போலரான்தான் மின்னூட்டத்தைக் குறைகளிலிருந்து மறைத்துக் காப்பாற்றுகிறது, அதனால்தான் ஆயுள் நீள்கிறது என்று ஒரு விளக்கம் பரவலாக உண்டு. மெத்தில் அம்மோனியத்தின் மின் இருமுனை சுழன்று திரும்பி மின்னூட்டத்தை மூடிக் காக்கிறது என்று இன்னொரு விளக்கம் ஒரு காலத்தில் மிகவும் பிரபலம். இரண்டாவதை நான் ஏற்கவில்லை. சீசியம் அயனி வெறும் உருண்டை, அதற்கு இருமுனையே கிடையாது. ஆனாலும் சீசியம் லெட் அயோடைடு கொண்டு 20 சதவீதத்துக்கு மேல் திறன் தரும் மின்கலங்கள் செய்திருக்கிறார்கள். அடிப்படையான நல்ல குணம் காரீயம்-அயோடின் வலையில் இருக்கிறது, வலையின் இடைவெளியில் உட்கார்ந்திருக்கும் அயனியிடம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முதல் விளக்கத்தில் உண்மை இருக்கலாம், ஆனால் ஆயுளைக் கணக்கிட அது இல்லாமலேயே பெரும்பகுதி தூரம் போக முடிகிறது. அந்தக் கணக்குக்குத்தான் இப்போது வருகிறேன்.

எலக்ட்ரானும் துளையும் சேர்ந்து அழிவதை மறுஇணைவு என்கிறோம். அது மூன்று வழியில் நடக்கும். ஒன்று, குறைகளில் சிக்கி அழிவது. இதற்கு ஒரே ஒரு மின்னூட்டம் குறையைச் சந்தித்தால் போதும், எனவே இதன் வேகம் மின்னூட்ட அடர்த்திக்கு நேர்விகிதம். இரண்டு, சுதந்திர எலக்ட்ரானும் சுதந்திரத் துளையும் நேருக்கு நேர் சந்தித்து ஒளியை உமிழ்வது. இது அடர்த்தியின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். மூன்று, மூன்று மின்னூட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்து, இரண்டு அழிந்து மூன்றாவதுக்கு ஆற்றலைக் கொடுக்கும் ஆஜே வழி. அது அடர்த்தியின் கனத்துக்கு நேர்விகிதம்.

நல்ல படலத்துக்கு உரிய எண்களைப் போட்டுப் பார்ப்போம். முதல் வழியின் மாறிலி நொடிக்கு 10⁶, இரண்டாவதன் மாறிலி நொடிக்கு 10⁻¹⁰ கன சென்டிமீட்டர், மூன்றாவதன் மாறிலி 10⁻²⁸ வரிசை. முழு வெயிலில் 1.6 எலக்ட்ரான் வோல்ட் பொருள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 25 மில்லி ஆம்பியருக்கு இணையான ஃபோட்டான்களை உறிஞ்சும். அரை மைக்ரோமீட்டர் தடிமனுக்கு அதைப் பங்கிட்டால், ஒவ்வொரு நொடியும் ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் 3×10²¹ எலக்ட்ரான்-துளை இணைகள் பிறக்கின்றன. மின்னோட்டம் எதையும் எடுக்காமல் திறந்த சுற்றில் வைத்தால், பிறப்பும் அழிவும் சமமாகும் அடர்த்தி 2.4×10¹⁵ என்று வரும். அந்த அடர்த்தியில் ஐந்தில் நான்கு பங்கு குறைகளில் அழிகிறது, ஐந்தில் ஒரு பங்கு ஒளியாக மாறுகிறது. ஆஜே வழி இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, மறந்துவிடலாம். மலிவான கரைசலில் இருந்து வந்த ஒரு படலத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒளியாக வருகிறது என்பதே பெரிய செய்தி.

விரவல் தூரமும், அதாவது மின்னூட்டம் அழியும் முன் தானாகப் பரவிச் செல்லும் தூரமும், இதே எண்களிலிருந்து வரும். இயக்க எண் 10 என்றால் விரவல் மாறிலி நொடிக்கு 0.26 சதுர சென்டிமீட்டர். ஆயுள் ஒரு மைக்ரோ நொடி. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 5 மைக்ரோமீட்டர், படலத்தின் தடிமனைப் போல பத்து மடங்கு. 2013-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாக அளந்து காட்டின. ஒன்று 100 நானோமீட்டர் என்றது, குளோரைடு சேர்த்துச் செய்த படலத்தில் மற்றொன்று ஒரு மைக்ரோமீட்டருக்கு மேல் என்றது. அதன்பின் படலங்களின் தரம் கூடக்கூட அந்த எண்ணும் கூடியது. ஆக, இயக்க எண் சுமார்தான் என்றாலும் ஆயுள் நீண்டு அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது.

அப்படியானால் முதல் மாறிலி ஏன் இவ்வளவு சிறியது? குறைகளின் எண்ணிக்கை குறைவாக இருப்பதால் அல்ல. படலங்களில் கன சென்டிமீட்டருக்கு 10¹⁵, 10¹⁶ என்று பொறிகள், அதாவது மின்னூட்டத்தைச் சிக்கவைக்கும் குறைகள், இருப்பதாகவே அளவீடுகள் சொல்கின்றன. காரணம் அவற்றின் ஆழம். சாலையில் கணுக்கால் அளவுப் பள்ளத்தில் கால் வைத்தவர் காலை எடுத்துக்கொண்டு நடந்துவிடுவார், கிணற்றில் விழுந்தவர் வெளியே வர முடியாது. ஆற்றல் இடைவெளியின் நடுவே மட்டங்களை உண்டாக்கும் குறைகள் கிணறுகள்: எலக்ட்ரான் அங்கே விழும், துளையும் வந்து சேரும், இரண்டும் வெப்பமாக அழியும். பட்டையின் (எலக்ட்ரான்களுக்கு இடம் தரும் ஆற்றல் வரம்பின்) விளிம்பை ஒட்டி மட்டங்களை உண்டாக்கும் குறைகள் பள்ளங்கள்: மின்னூட்டம் விழுந்தாலும் அறை வெப்பமே அதை வெளியே எடுத்துவிடும்.

லெட் அயோடைடில் பெரும்பாலான குறைகள் இரண்டாம் வகை. இதற்கு வேதியியல் காரணம் உண்டு. சிலிக்கானில் எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டை பிணைப்பு ஆர்பிட்டால்களாலும் காலியான கடத்து பட்டை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டால்களாலும் ஆனவை. ஒரு அணுவைப் பிடுங்கினால் தொங்கும் பிணைப்பின் மட்டம் இரண்டுக்கும் நடுவே, சரியாக இடைவெளிக்குள் வந்து விழும். லெட் அயோடைடில் இணைதிறன் பட்டையின் உச்சியே காரீயத்தின் 6எஸ் ஆர்பிட்டாலும் அயோடினின் 5பி ஆர்பிட்டாலும் கலந்து ஒன்றையொன்று தள்ளியதால் மேலே எழுந்த எதிர்ப்பிணைப்பு நிலை. அணுவைப் பிடுங்கும்போது அந்தத் தள்ளுதல் நீங்கி மட்டம் கீழே இறங்குகிறது, பட்டைக்குள்ளேயே அல்லது அதன் விளிம்பருகே போய்விடுகிறது. எந்தக் குறையுமே ஆழமானது இல்லை என்று இதைப் புரிந்துகொள்ள வேண்டாம். இடைச்செருகலாக நிற்கும் அயோடின், படிக எல்லையில் கை குறைந்து நிற்கும் காரீயம் போன்றவை தொல்லை கொடுக்கத்தான் செய்கின்றன. எல்லைகளைப் பொட்டாசியம் உப்பாலும், காரீயத்துக்கு எலக்ட்ரான் இணையைக் கொடுக்கும் மூலக்கூறுகளாலும் மூடுவது அதற்காகத்தான்.

இரண்டாவது மாறிலியைப் பற்றி ஒரு குழப்பம் நெடுநாள் இருந்தது, இன்னும் சில கட்டுரைகளில் இருக்கிறது. எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று ஈர்த்து, சந்தித்தால் உடனே அழியும் என்று கொண்டு லாஞ்சவின் கொடுத்த வாய்பாடு ஒன்று உண்டு. பெரோவ்ஸ்கைட்டின் இயக்க எண்ணை அதில் போட்டால் 10⁻⁶-க்குச் சற்றுக் கீழே வரும். அளந்த மதிப்பு 10⁻¹⁰. நான்கு வரிசை குறைவு! உடனே எலக்ட்ரானும் துளையும் வெவ்வேறு இடங்களில் ஒதுங்கிப் பிரிந்திருக்கின்றன, சுழற்சி நிலை அவற்றைச் சேரவிடாமல் தடுக்கிறது என்றெல்லாம் விளக்கங்கள் கிளம்பின. ஆனால் லாஞ்சவின் வாய்பாடு ஒழுங்கற்ற, இயக்க எண் மிகக் குறைந்த பொருட்களுக்கு உரியது. நல்ல படிகக் குறைக்கடத்தியில் சந்திப்பது கடினமில்லை, சந்தித்தபின் ஒளியை உமிழ்வதுதான் மெதுவான படி. அந்த உமிழ்வு உறிஞ்சுதலின் நேர் எதிர்ச்செயல் என்பதால், உறிஞ்சும் நிறமாலையிலிருந்தே மாறிலியைக் கணக்கிட்டுவிடலாம். கணக்கிட்டுப் பார்த்தபோது அளவீட்டோடு பொருந்தியது. ஒளியியலில் புகழ்பெற்ற காலியம் ஆர்சனைடின் மாறிலியும் இதே வரிசைதான். ஆக, இதில் விந்தை ஒன்றும் இல்லை: பெரோவ்ஸ்கைட் ஒரு நல்ல நேரடி இடைவெளிக் குறைக்கடத்தியைப் போலவே நடந்துகொள்கிறது. தவறான அளவுகோலை எடுத்ததால் மர்மமாகத் தெரிந்தது.

இப்படிப் பிறக்கும் ஒளியும் வீணாகிவிடுவதில்லை. பெரும்பகுதி படலத்துக்குள்ளேயே முழு அக எதிரொளிப்பால் அடைபட்டு மீண்டும் உறிஞ்சப்பட்டு, புது எலக்ட்ரான்-துளை இணையாகிறது. ஃபோட்டான் மறுசுழற்சி என்று இதைச் சொல்கிறார்கள். குறைகள் குறைந்த படலத்தில் இது மின்னழுத்தத்தைச் சற்று உயர்த்தும்.

இந்த ஆயுளை எப்படி அளக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம், ஏனென்றால் தவறான முடிவுகள் பெரும்பாலும் இங்கேதான் உருவாகின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் பூசிய படலத்தில் பைக்கோ நொடி அளவுள்ள லேசர் துடிப்பு ஒன்றை அடிப்பார்கள். படலம் 770 நானோமீட்டர் பக்கம் மங்கலாக ஒளிரும். அந்த ஒளிர்வின் ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணி, துடிப்புக்குப் பின் எத்தனை நானோ நொடியில் வந்தது என்று பதிவார்கள். திரையில் ஒரு வளைகோடு வரும்: முதலில் செங்குத்தாக இறங்கி, அப்புறம் வால் போல நீண்டு சாயும்.

அந்த முதல் இறக்கத்தைப் பார்த்து ஒரு ஆயுள், வாலைப் பார்த்து இன்னொரு ஆயுள் என்று இரண்டு எண்களைப் பொருத்தி எழுதிவிடுவது வழக்கம். ஆனால் முதல் இறக்கத்துக்குப் பல காரணங்கள் உண்டு. துடிப்பு கடுமையாக இருந்தால் அது இரண்டாம் வகை மறுஇணைவு, பொருளின் நல்ல குணம். துடிப்பு மிகவும் மெல்லியதாக இருந்தால் காலியான பொறிகள் நிரம்புவது, பொருளின் கெட்ட குணம். லேசர் மேற்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டிருந்தால், மின்னூட்டங்கள் உள்ளே விரவி அடர்த்தி குறைவதாலும் ஒளிர்வு இறங்கும், அங்கே அழிவே இல்லை. மேலே எலக்ட்ரானை உறிஞ்சும் அடுக்கு இருந்தால் இன்னும் சிக்கல். ஒரே வடிவம், நேர் எதிரான பொருள்கள். பல வலிமைகளில் துடிப்பு கொடுத்துப் பார்த்தால்தான் இவற்றைப் பிரிக்க முடியும். இன்னொன்று: மாசேற்றாத படலத்தில் ஒளிர்வு, எலக்ட்ரான் அடர்த்தியையும் துளை அடர்த்தியையும் பெருக்கிய அளவுக்கு இருக்கும். எனவே ஒளிர்வின் வால் தேயும் காலம் மின்னூட்டங்களின் ஆயுளில் பாதிதான். இந்த இரண்டு மடங்கு வேறுபாட்டைக் கவனிக்காமல் எண்களை ஒப்பிடுவதை அடிக்கடி பார்க்கிறேன்.

சரி, படலம் இவ்வளவு நன்றாக இருந்தால் மின்கலம் ஏன் இன்னும் கோட்பாட்டு எல்லையைத் தொடவில்லை? இழப்பில் பெரும்பங்கு படலத்துக்குள் இல்லை, அதன் இரண்டு வாசல்களில் இருக்கிறது. ஒரு பக்கம் எலக்ட்ரானை மட்டும் எடுக்கும் அடுக்கு, மறுபக்கம் துளையை மட்டும் எடுக்கும் அடுக்கு. 1.6 எலக்ட்ரான் வோல்ட் பொருளுக்குத் திறந்த சுற்று மின்னழுத்தத்தின் உச்ச எல்லை சுமார் 1.3 வோல்ட். வெளிவரும் ஒளிர்வின் பங்கு ஒவ்வொரு பத்து மடங்கு குறையும்போதும் அதில் சுமார் 60 மில்லி வோல்ட் பறிபோகும். ஒளிர்வு 1 சதவீதம் என்றால் 120 மில்லி வோல்ட் இழப்பு, 0.01 சதவீதம் என்றால் 240. கண்ணாடி மேல் தனியாக இருக்கும்போது நன்றாக ஒளிரும் படலம், அதன்மேல் எலக்ட்ரானை எடுக்கும் சி60 (கார்பன் பந்து மூலக்கூறு) அடுக்கைப் படியவைத்தவுடன் பத்து, நூறு மடங்கு மங்கிவிடுகிறது. சி60-ஐத் தொடும் பரப்பில் எலக்ட்ரானும் துளையும் வெப்பமாக அழிகின்றன. இடையில் லித்தியம் ஃப்ளோரைடு போன்ற மிக மெல்லிய அடுக்கை வைப்பதும், துளைப் பக்கம் ஒற்றை மூலக்கூறுத் தடிமனில் தானாக அமையும் அடுக்குகளைப் போடுவதும் இதைச் சரிசெய்யத்தான். கடந்த சில ஆண்டுகளில் ஒற்றைக் கலத்தின் திறன் 26 சதவீதத்தைத் தாண்டியதில் இந்த வாசல் வேலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் மதிப்பீடு.

இதுவரை அயனிகள் தங்கள் இடத்தில் நிற்பதுபோல் பேசினேன். அவை நிற்பதில்லை. அயோடைடு காலியிடங்கள் படிகத்துக்குள் குதித்துக் குதித்து நகர்கின்றன. எலக்ட்ரான் நானோ நொடியில் செய்யும் பயணத்தை அவை மில்லி நொடியிலிருந்து நிமிடங்கள் வரை எடுத்துச் செய்கின்றன. மின்னழுத்தத்தை மேலே ஏற்றி அளந்தால் ஒரு திறன், கீழே இறக்கி அளந்தால் இன்னொரு திறன் என்று ஆரம்ப காலத்தில் எல்லோரையும் குழப்பிய தயக்க வளைவு இதன் விளைவுதான். அயனிகள் மின்முனைகளின் பக்கம் குவிந்து உள்ளே இருந்த மின்புலத்தை மறைத்துவிடுகின்றன. அதனால் படலத்தின் பெரும்பகுதியில் மின்னூட்டங்களைத் தள்ளிவிட மின்புலம் ஏதும் இல்லை, அவை விரவலை நம்பியே போக வேண்டும். ஆயுள் நீண்டிருப்பது இங்கேதான் கைகொடுக்கிறது.

மின்னூட்டங்களே அயனிகளை நகர்த்தவும் செய்யும். 2015-இல் எரிக் ஹோக், மைக்கேல் மெக்கீ ஆகியோரின் குழு, அயோடைடும் புரோமைடும் கலந்த பெரோவ்ஸ்கைட் படலத்தில் வெயில் அளவு ஒளியைத் தொடர்ந்து காட்டியது. புரோமைடு சேர்ந்தால் ஆற்றல் இடைவெளி பெரிதாகும், ஒளிர்வும் அதற்கேற்ற இடத்தில் இருக்கும். ஆனால் ஒரு நிமிடத்துக்குள் 1.68 எலக்ட்ரான் வோல்ட்டில் புதிய சிகரம் ஒன்று முளைத்தது. விளக்கை அணைத்துச் சில நிமிடம் இருட்டில் வைத்தால் பழைய நிறமாலை திரும்பியது. ஒளி பட்டதும் அயோடைடு ஓரிடத்திலும் புரோமைடு ஓரிடத்திலும் பிரிந்து சேர்ந்திருக்கின்றன. அயோடைடு மிகுந்த சிறு பகுதிகளில் ஆற்றல் இடைவெளி குறைவு என்பதால் மின்னூட்டங்கள் எல்லாம் அங்கே வடிகின்றன. கனஅளவில் அந்தப் பகுதி மிகச் சிறியதாக இருந்தாலும் ஒளிர்வு முழுவதும் அங்கிருந்தே வரும், மின்னழுத்தமும் அதற்கேற்ப விழும். மின்னூட்டங்கள் நெடுந்தூரம் விரவும் என்ற நல்ல குணமே இங்கே எதிரியாகிறது, ஏனென்றால் எட்டவுள்ள சிறு பள்ளத்தையும் அவை தேடிக் கண்டுபிடித்துவிடுகின்றன.

சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்கும் இரட்டைக் கலத்துக்கு இது நேரடிச் சிக்கல். அங்கே மேல் கலத்துக்கு 1.7 எலக்ட்ரான் வோல்ட் அருகில் இடைவெளி வேண்டும், கொஞ்சம் புரோமைடு சேர்க்காமல் அதை எட்டுவது கடினம். மெத்தில் அம்மோனியத்தைத் தவிர்த்து ஃபார்மமிடினியத்தோடு சீசியத்தைக் கலந்தால் பிரிதல் வெகுவாக அடங்குகிறது, புரோமைடும் குறைவாகவே போதும். இரட்டைக் கலங்கள் ஆய்வகத்தில் 34 சதவீதத்தைத் தாண்டியது இந்தக் கலவைகளைச் சீராக்கிய பிறகுதான்.

காரீயத்துக்குப் பதில் வெள்ளீயம் போட்டால் என்ன என்று அடுத்து கேட்பீர்கள். வெள்ளீயம் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்து +2 நிலையிலிருந்து +4-க்குப் போய்விடும். அதன் விளைவாக ஒளியே படாதபோதும் படலத்தில் துளைகள் நிறைந்திருக்கும். ஒளியால் பிறக்கும் ஒவ்வொரு எலக்ட்ரானையும் சுற்றி முன்பே ஒரு துளைக் கூட்டம் காத்திருப்பதால் அதன் ஆயுள் சுருங்கிவிடுகிறது. மேலே சொன்ன சமன்பாட்டையே போட்டுப் பார்க்கலாம்: பின்னணித் துளைகள் 10¹⁸ இருந்தால், இரண்டாவது மாறிலி 10⁻¹⁰ என்று வைத்தாலே எலக்ட்ரானின் ஆயுள் 10 நானோ நொடிதான். படலத்தைக் கடக்க வேண்டிய நேரமும் அதேதான். நூறு மடங்கு அவகாசம் ஒரு மடங்காகக் குறைந்துவிட்டது. வெள்ளீயப் பெரோவ்ஸ்கைட்டில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி, அந்தப் பின்னணித் துளைகளைக் குறைக்க ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதுதான்.

கடைசியாக ஒன்று. எங்காவது "இந்தப் படலத்தின் ஆயுள் இத்தனை மைக்ரோ நொடி" என்று படித்தால் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த மின்னூட்ட அடர்த்தியில் அளந்தது, படலம் தனியாக இருந்ததா அல்லது மேலே கீழே அடுக்குகளோடு இருந்ததா, அளக்கும் முன் எவ்வளவு நேரம் ஒளியில் இருந்தது. மூன்றும் தெரிந்தால்தான் அந்த எண்ணை இன்னொரு படலத்தின் எண்ணோடு ஒப்பிட முடியும்.